கல் தெறித்த கண்ணாடி: வடசென்னையில் புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு 10 ரூபாய் நாணயமும் ஒரு சுருள் செல்லோ டேப்பும் போட்டு வையுங்கள். புதுக் கார் வாங்கி மணலி, மாதவரம், எண்ணூர்ப் பக்கம் ஓட்டப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வாசனை பாட்டிலும் பிள்ளையார் பொம்மையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பக்கம் ஓடுகிற காருக்கு முன் கண்ணாடியில் கல்லடி என்றைக்காவது ஒரு நாள் உண்டு.

காரணம் ஊருக்கே தெரியும். காசிமேட்டை ஒட்டிய ஜீரோ கேட் வழியாகத் துறைமுகத்துக்குள் போகும் கண்டெய்னர் ட்ரெய்லர்கள், காமராஜர் துறைமுகத்துக்குப் போய் வருபவை, மணலி சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றி ஓடும் டேங்கர்கள், ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் பக்கமிருந்து ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றி வரும் டிப்பர்கள். தார்ப்பாய் கட்டாத டிப்பரிலிருந்து விழுகிற ஜல்லியைத்தான் எல்லோரும் திட்டுவோம். அதைவிட ஆபத்து, லாரியின் பின்பக்க இரட்டை டயர்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் கல். வண்டி வேகம் பிடித்ததும் அது கவணில் வைத்து விட்டதுபோல் பின்னால் பறக்கும். பின்னால் நீங்களும் வேகமாக வருகிறீர்கள். உங்கள் வண்டியின் வேகமும் சேர்ந்துதான் கண்ணாடியில் இறங்குகிறது.

எனக்குப் பட்டது எர்ணாவூர் தாண்டி, எண்ணூர் விரைவுச் சாலையில். 'டொக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் இடது பக்கம் மிளகு அளவுக்கு ஒரு பள்ளம், அதைச் சுற்றி இரண்டு மூன்று மெல்லிய கால்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வாரம் விட்டேன். கத்திரி வெயில் நேரம். தண்டையார்பேட்டையில் ஒரு மதியம் வெட்டவெளியில் நிறுத்திவிட்டு வந்து, உள்ளே அனலாக இருக்கிறதே என்று ஏசியை முழு வேகத்தில் வைத்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் அந்த மிளகிலிருந்து ஒரு கோடு கிளம்பி, கண் எதிரிலேயே கண்ணாடியின் நடுவரைக்கும் ஓடியது. கண்ணாடிக் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், அன்னிக்கே வந்திருந்தா ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிருக்குமே." சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, முழுக் கண்ணாடியையும் மாற்றுவதில் போய் நின்றது.

கண்ணாடிக்கு உள்ளே என்ன இருக்கிறது

முன் கண்ணாடி ஒரே கண்ணாடி இல்லை. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியிருப்பார்கள். படலத்தின் தடிமன் பெரும்பாலும் 0.76 மி.மீ. உடைந்தாலும் துண்டுகள் முகத்தில் கொட்டாமல் பிடித்து வைப்பது அதுதான். 1903இல் எதுவார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கைதவறிக் கீழே போட்ட கண்ணாடிக் குடுவை, உடைந்தும் சிதறாமல் நின்றது. அதற்குள் முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து உட்புறத்தில் படலமாகப் படிந்திருந்ததுதான் காரணம். அதிலிருந்து பிறந்த யோசனை இது. 1909இல் காப்புரிமை வாங்கினார்.

பக்கவாட்டுக் கண்ணாடிகளும் பின் கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் வேறு சாதி. அவை டஃபண்ட் கண்ணாடி: சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியவை. உடைந்தால் கற்கண்டு கொட்டியதுபோல் மொத்தமாகச் சிதறிவிடும். அதை ஒட்டவும் முடியாது, அடைக்கவும் முடியாது, மாற்றுவது ஒன்றுதான் வழி. தெருப் பையன்களின் கிரிக்கெட் பந்து பின் கண்ணாடியில் பட்டிருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை ஒட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போங்கள். சீட் இடுக்குகளில் இறங்கிய சில்லுகளை வாக்குவம் வைத்து எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். குழந்தைகள் உட்காரும் இடம்.

முன் கண்ணாடியில் கல் பட்டால் பெரும்பாலும் வெளி அடுக்கு மட்டும்தான் உடையும். உள்ளே உட்கார்ந்து, அதே இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் உள் அடுக்கு தப்பித்தது, பள்ளத்தில் பிசின் ஏற்றி அடைத்துக் காப்பாற்றலாம். உள்பக்கமும் நகத்தில் தட்டுப்பட்டால் கண்ணாடியை மாற்றியே ஆகவேண்டும்.

கல் பட்ட உடனே

சத்தம் கேட்டதும் பிரேக்கில் ஏறி நிற்காதீர்கள். பின்னால் வருவது நாற்பதடி ட்ரெய்லராக இருக்கலாம். கண்ணாடி முழுக்க வலைபோல் விரிந்து பாதை தெரியாமல் போனாலும், படலம் பிடித்துக்கொண்டிருப்பதால் அது உடனே உங்கள் மடியில் விழாது. ஹஸார்டு விளக்கைப் போட்டு, வேகத்தை மெல்லக் குறைத்து, இடது ஓரம் ஒதுங்குங்கள். உள்ளிருந்து கையால் தள்ளிப் பார்க்கிற ஆர்வம் வேண்டாம். கண்ணாடித் தூள் கண்ணில் விழும்.

சின்ன அடியாக இருந்தால், நிறுத்திய இடத்திலேயே முதலில் போட்டோ எடுங்கள். நம்பர் பிளேட் தெரிய ஒன்று, அடிபட்ட இடத்தின் அருகே நாணயத்தை வைத்து ஒன்று. பிறகு அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோ டேப்பை ஒட்டுங்கள். பலரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் டேப்பின் வேலை பிளவைத் தடுப்பது இல்லை. தூசியும் தண்ணீரும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்வது. நம் பக்கத்துக் காற்றில் நிலக்கரித் தூள், சாம்பல், கடல் உப்பு மூன்றும் உண்டு. அழுக்கு ஒருமுறை பிளவுக்குள் இறங்கிவிட்டால் பிசின் ஒழுங்காகப் பிடிக்காது, அடைத்த பிறகும் கறுப்பாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் அவசரம். டேப் ஒட்டும் முன் அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உலர்ந்த துணியால் மேலாகத் துடைத்தால் போதும்.

ஃபெவிக்விக் விடவே விடாதீர்கள். டூத் பேஸ்ட், நெயில் பாலிஷ் வைத்தியமும் வேண்டாம். பள்ளம் அதனால் அடைபட்டுப் போனால் பிறகு சரியான பிசின் உள்ளே போக வழியில்லை. கடைக்காரர் கைவிரித்துவிடுவார்.

கடைக்குப் போகும்வரை இரண்டு மூன்று நாளைக்கு பிரசவித்தவளைப் பார்ப்பதுபோல் வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசியை முழுதாக வைக்காதீர்கள். முதலில் நான்கு ஜன்னலையும் இறக்கி அனல் வெளியேற விடுங்கள். பிறகு குறைந்த வேகத்தில், காற்று காலுக்கு வரும்படி வையுங்கள். கண்ணாடிக்கு நேராக அடிக்கும் பொத்தானைத் தொட வேண்டாம். வெளிப்பக்கம் கொதிக்க, உள்பக்கம் குளிர்ந்தால் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் சுருங்கும். அந்த இழுபறியில்தான் பிளவு ஓடுகிறது. சூடான கண்ணாடியில் ஒரு பக்கெட் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதும் அதே கதை. வாட்டர் வாஷ் கடைக்கும் போகாதீர்கள், பிரஷர் பம்ப் பள்ளத்துக்குள்ளேயே தண்ணீரை ஏற்றிவிடும். கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். ஸ்பீடு பிரேக்கரிலும் பள்ளத்திலும் மெதுவாக ஏறி இறங்குங்கள். மெட்ரோ வேலையால் கொத்திப் போட்டிருக்கும் மாதவரம் பக்கத்துச் சாலைகளில் கடைசி அறிவுரையைக் கடைப்பிடிப்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அடைக்கலாமா, மாற்ற வேண்டுமா

இப்போது அந்த 10 ரூபாய் நாணயம். அதன் குறுக்களவு 27 மி.மீ. அடிபட்ட இடம், கால்களையும் சேர்த்து, நாணயத்துக்கு அடியில் மறைந்துவிட்டால் பெரும்பாலும் அடைத்துவிடலாம். வட்டமாகக் குழி விழுந்திருந்தால் வேலை சுலபம். நட்சத்திரம்போல் கால் விரிந்திருந்தால் கொஞ்சம் கைப்பக்குவம் தேவை. கோடாக ஓடியிருந்தால் பள்ளிக்கூட ஸ்கேலை வையுங்கள்: 15 செ.மீ. தாண்டியதை அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அளவு சரியாக இருந்தாலும் இடம் தப்பாக இருக்கலாம். கண்ணாடி விளிம்பிலிருந்து மூன்று விரற்கடைக்குள், அதாவது சுமார் 5 செ.மீ.க்குள் பட்ட அடி மோசமானது. அங்கேதான் கண்ணாடி வண்டியின் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறது, வண்டி உடலின் முறுக்கம் எல்லாம் அங்கே இறங்கும். அதேபோல் ஓட்டுநரின் நேர்ப் பார்வையில், ஸ்டியரிங்குக்கு முன்னால் வைப்பர் துடைக்கும் பகுதியில் இருந்தால் அடைப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். எவ்வளவு நன்றாக அடைத்தாலும் சின்னத் தழும்பு மிஞ்சும். பகலில் தெரியாது. இரவில் எதிரே ட்ரெய்லர் ஹைபீம் போட்டு வரும்போது அந்தத் தழும்பு ஒளியைச் சிதறடிக்கும், தழும்புக்கு நேரே ஒரு சைக்கிள்காரர் வந்தால் தெரியாது.

கல்லே படாமல் விளிம்பிலிருந்து ஒரு கோடு முளைப்பதும் உண்டு. பேனா முனையால் கோட்டின் மேல் தடவிக்கொண்டே போங்கள். எங்கேயும் குழி தட்டுப்படவில்லை என்றால் அது கல்லடி இல்லை. பொருத்தியதில் குறை, அல்லது சட்டத்தில் முறுக்கம். புது வண்டியாக இருந்தால் ஷோரூமில் வாரண்டி கேட்கலாம். கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள், குழி இல்லை என்பதைக் காட்டும் நெருக்கமான போட்டோவோடு போங்கள்.

வைப்பர் கோடுகள் தனிக்கதை. மணலி, அத்திப்பட்டுப் பக்கம் இரவு நிறுத்தினால் காலையில் கண்ணாடியில் மாவு தூவியதுபோல் படிந்திருக்கும். அதன் மேல் உலர் வைப்பரை ஓட்டுவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர், பிறகு வைப்பர். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்துவிட்டால் பாலிஷ் போட்டாலும் போகாது. ஆழமாகத் தேய்த்தால் அந்த இடத்தில் பார்வை நெளியும்.

அடைக்கும் கடையில் என்ன நடக்கும்

அரை மணி நேர வேலை. பள்ளத்திலிருந்து உதிரித் தூளை எடுத்து, ஈரம் இருந்தால் உலர்த்துவார்கள். கண்ணாடியை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணத்தில் நிற்கும் ஒரு சின்னக் கருவியைப் பள்ளத்தின் மேல் பொருத்தி, முதலில் காற்றை இழுத்து, பிறகு திரவப் பிசினை அழுத்தி ஏற்றுவார்கள். கால்களின் நுனி வரைக்கும் பிசின் ஓடியதா என்று நீங்களும் குனிந்து பாருங்கள்; ஓடிய இடம் கறுப்பு நீங்கித் தெளியும். அதன்பின் புற ஊதா விளக்கு வைத்து இறுக்கி, மேலே மிஞ்சியதைப் பிளேடால் வழித்து மெருகு போடுவார்கள். வெயிலில் நிறுத்தி இந்த வேலையைச் செய்தால் பிசின் உள்ளே போவதற்கு முன்பே இறுகிவிடும், கண்ணாடியும் சூடாக இருக்கும். நிழலான இடத்தில் செய்யச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அடைக்கும்போதே பிளவு ஓடிவிட்டால் யார் பொறுப்பு என்பதையும் வேலை தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி நடப்பது உண்டு.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கும் முத்திரையைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. அடையாளமும், வாகனப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 என்ற எண்ணும், லேமினேட்டட் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். வண்டிக் கம்பெனியின் பெயர் பொறித்த கண்ணாடிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செயின்ட் கோபேன், அசாஹி போன்ற தயாரிப்பாளர்களின் பெயரிலேயே வருவது விலை குறைவாக இருக்கும். ஆனால் புதுப்பேட்டையில் கழற்றி வைத்திருக்கும் பழைய கண்ணாடி மலிவு என்று போகாதீர்கள். ஒருமுறை அறுத்து எடுத்த கண்ணாடியின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சில்லு இருந்தால், அடுத்த கத்திரியில் நீங்கள் மறுபடியும் கடைக்கு வருவீர்கள். முன் கண்ணாடியில் குறைந்தது 70 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி. கறுப்பு ஷேட் கேட்கும் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.

கண்ணாடியை ஒட்டும் பசைதான் உயிர். இப்போதைய கார்களில் முன் கண்ணாடி வெறும் ஜன்னல் இல்லை. கார் புரண்டால் கூரையைத் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு. பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் அதன் மேல் மோதித்தான் விரிகிறது. அதனால் பாலியூரித்தேன் சீலன்ட்தான் போடச் சொல்ல வேண்டும். பி.யூ. என்று கேட்டால் கடையில் புரியும். குளியலறை சிலிக்கானைப் பிதுக்கி ஒட்டித் தருகிற கடைகளும் இருக்கின்றன, விலை வித்தியாசத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். டியூபின் மேல் காலாவதித் தேதி பாருங்கள்.

பழைய கண்ணாடியை அறுத்து எடுத்ததும் ஐந்து நிமிடம் வேலையை நிறுத்தச் சொல்லிச் சட்டத்தைப் பாருங்கள். நம் பக்கத்தில் இது மிக முக்கியம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிகளுக்கு உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். அறுக்கும்போது கத்தி பட்டுப் பெயின்ட் கீறியிருந்தால் அங்கே பிரைமர் பூசாமல் கண்ணாடியை ஒட்ட விடாதீர்கள். உள்ளே பிடித்த துரு பசையைத் தூக்கிவிடும், இரண்டு மழைக்காலம் கழித்துக் கால்மிதி நனைந்து நாறும்போதுதான் தெரியும்.

ஒட்டி முடித்ததும் எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பது பசைக்குப் பசை மாறும். டியூபில் போட்டிருக்கும், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பசை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. சென்னைப் புழுக்கத்தால் யாருக்காவது நன்மை என்றால் இதற்குத்தான். முதல் இரண்டு நாள் ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கி வையுங்கள், கதவைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று பசையைத் தள்ளாது. ஓரத்தில் ஒட்டிய டேப்பை அவர்கள் சொல்லும்வரை பிய்க்காதீர்கள். வாட்டர் வாஷ் இரண்டு நாள் வேண்டாம். வைப்பர் ரப்பரைப் புதிதாக மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த வண்டியாக இருந்தால், மாற்றிய பிறகு அந்தக் கேமராவைச் சரிபார்த்துச் சீரமைக்க வேண்டும். அந்தச் செலவு கொட்டேஷனில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

காப்பீடு: கேட்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி வேண்டும். அதில் ஒரு நல்ல செய்தி: பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழிப்பார்கள், கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கும் பசையும் உங்கள் கையிலிருந்து போகலாம். கட்டாயமாகக் கழியும் தொகை 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

ஆனால் நோ கிளைம் போனஸ் என்று ஒன்று இருக்கிறது. கிளைம் வாங்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளைம் போட்டால் மறுபடி பூஜ்யம். உங்களுக்கு இப்போது 35 விழுக்காடு இருக்கிறது, அந்தப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் போடாவிட்டால் அடுத்த ஆண்டு 45, அதன்பின் 50. போட்டால் 0, 20, 25, 35, 45 என்று மறுபடி ஏணி ஏற வேண்டும். வித்தியாசம் முதல் ஆண்டு 3,600, பிறகு 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 9,600 ரூபாய். வண்டி பழையதாக ஆக பிரீமியமும் குறையும் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும், 7,000 ரூபாய்க் கண்ணாடிக்குக் கிளைம் போட்டு 6,000 வாங்கினால் நஷ்டம் யாருக்கு? 25,000 ரூபாய்க் கண்ணாடி என்றால் பதில் வேறு. போனஸைக் காக்கும் ஆட்ஆன், அதாவது பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் பாதுகாப்பு, எடுத்திருந்தால், அல்லது உங்கள் பாலிசியில் கண்ணாடிக் கிளைமுக்கு போனஸ் போகாது என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். வெறும் அடைப்பு வேலையைக் கிளைமாக எடுத்துக்கொள்வார்களா என்றும் போனில் கேட்டுவிடுங்கள்.

கிளைம் என்று முடிவு செய்தால், கண்ணாடியைக் கழற்றும் முன் கம்பெனிக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சர்வேயர் பார்க்கவோ, போட்டோவில் சரிபார்க்கவோ செய்வார். கழற்றிய பிறகு சொன்னால் மறுக்க அவர்களுக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி மூன்றும் கையில் இருக்கட்டும். யாராவது வேண்டுமென்றே கல்லெறிந்து உடைத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையிலிருந்து கிளம்பும் முன்

பாஸ்டேக்கை எல்லோரும் மறப்பார்கள். அது பழைய கண்ணாடியோடு போய்விடும். பிய்த்து எடுத்துப் புதுக் கண்ணாடியில் ஒட்டினால் வேலை செய்யாது, பிய்க்கும்போதே உள்ளிருக்கும் மெல்லிய ஆன்டெனா கிழிந்துவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். கண்ணாடி மாற்றப் போகிற நாளைக்கு முன்பே, டேக் கொடுத்த வங்கியிடம் மாற்று டேக் கேட்டுவிடுங்கள். அதே கணக்கு, அதே வண்டி எண், புது ஸ்டிக்கர். என் நண்பர் ஒருவர் புதுக் கண்ணாடி பளபளக்க, டேக் ஞாபகமே இல்லாமல் தடா பக்கம் கிளம்பி, நல்லூர் சுங்கச்சாவடியில் ரொக்கமாக இரட்டிப்புக் கட்டணம் கட்டிவிட்டு எனக்குப் போன் போட்டார். சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னைத்தான் திட்டினார்.